மாமியார் இறக்குமதி

கொழும்பிலிருந்து ஒளிபரப்பாகும் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நாடகப் பிரிவுகளுக்கு,

விடயம்: மாமியார் கொடுமை விளங்காமை தொடர்பாக

ஐயா / அம்மணி,

பொழுதுபட்டால் நீங்கள் அனுப்புகிற மாமியார்மாரை, கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் நாங்கள் மரியாதையாகத்தான் வீட்டுக்குள் எடுக்கிறோம். பட்டுச் சேலையோடு படுக்கிறார்கள், நகையோடு கறி ஆக்குகிறார்கள், மருமகள் குடிக்கிற பாலில் எதையோ கலக்கிவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்க்கிறார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்து பார்க்கிற ஆட்களும் உண்டு. சிக்கல் ஒன்றுதான்: இந்த ஊர் மாமியாருக்கு மருமகளைக் கொடுமை செய்ய வசதி போதாது.

மருமகள் தன் உம்மாவோடு இருக்கிறாள். எங்கள் கரையில் கலியாணம் முடிந்தால் பெட்டியைத் தூக்குகிறவன் மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்குச் சீதனம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று எங்கும் வழக்கம் இதுதான். ஆகவே பாலில் விஷம் வைக்க நினைக்கிற மாமியார் முக்காட்டைப் போட்டு, இரண்டு ஒழுங்கை தாண்டி, சம்பந்தி வீட்டுக் கேற்றைத் தட்டி, அங்கே ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடித்து, குசினிக்குள் நுழைய ஒரு சாட்டும் தேட வேண்டும். அதற்குள் இடைவேளை வந்துவிடும்.

2002இல் சன் டிவியில் தொடங்கிய 'மெட்டி ஒலி' நாடகத்தில் டெல்லி குமார் ஐந்து பெண்பிள்ளைகளின் தகப்பன். மனிசன் பட்ட பாட்டுக்கு ஊரே அழுதது. எங்களூர் வாப்பாமார் அழவில்லை. "அஞ்சு குமரைக் கரைசேத்த மனிசன், ஒரு வீடும் கட்டல்லியே!" என்று பொறாமைப்பட்டார்கள். இங்கே ஐந்து பெண் என்றால் ஐந்து வீடு. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பூச்சுப் பூசாத அடுத்த வீட்டுக்குப் பெற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கும் மாப்பிள்ளை வந்தால் பாய் மறுபடி நகரும். கடைசிக் காலம் கடைக்குட்டியின் பின்வளவில். 'கோலங்கள்' 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது என்கிறீர்கள். எங்களூரில் ஒரு கூரை ஏற அதைவிடக் கூடுதலாய் நாள் எடுத்ததுண்டு.

மருமகனைப் பற்றி ஒரு சீன்கூட நீங்கள் எடுத்ததில்லை. மாமி போட்ட சோற்றில் உப்பில்லை என்றால் அவன் வாய் திறக்கமாட்டான். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவதும் இங்கே ஆண்தான். போனால் அந்த வீடு ராத்தாவுக்குச் சீதனமாகி, அவனுடைய கதிரையில் மச்சான் சாய்ந்திருந்து உங்கள் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். குளோசப் அங்கே வையுங்கள்.

வில்லி இல்லாமல் ரேட்டிங் வராது என்பீர்கள். வில்லியும் இங்கே உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோரத்துச் சீதன வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. மாற்று வீடு கொடுக்க வந்தவர்களின் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கிழக்கில் பல இடங்களில் அந்தக் கட்டத்துக்குள் புருஷனின் பெயர் போனது. வீடும் அவன் பெயருக்கே எழுதப்பட்டது. மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கும் உம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்த வீடு, ஒரு பேனைக் கீறலில் ஆணின் வீடானது. கண்ணை உருட்டவில்லை, பின்னணியில் இடி இடிக்கவில்லை. உங்கள் மாமியார்மாரால் 1,500 எபிசோடிலும் முடியாத வேலை இது. நடிகர் செலவும் இல்லை: ஒரு படிவம், ஒரு பேனை.

கதை எழுத ஆளில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். மருதூர்க் கொத்தன் சிறுகதை எழுதிய ஊர் இது. ஆனால் நீங்கள் எங்களைத் தேடுவது நோன்புப் பிறை தெரிந்தால்தான். தொப்பி போட்ட ஒருவரை இருத்தி, கஞ்சியின் மகிமையைச் சொல்லவைப்பீர்கள். பெருநாளன்று 'விசேட நிகழ்ச்சி' என்று சென்னையில் எடுத்த படம். மறுநாள் பட்டுச் சேலை மாமியார் பாற்செம்போடு வந்து நிற்பார். 1982இல் ரூபவாஹினி வந்தது, 2009இல் வசந்தம் வந்தது. மாமியார் மட்டும் இன்னும் இறக்குமதிச் சாமான்.

படப்பிடிப்புக்கு வருவதென்றால் வீடு இலவசமாகத் தரலாம். அனுமதியை மாமியிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

இப்படிக்கு,
ஒரு மருமகன்,
மே/பா. மாமி,
மருதமுனை.