ஒரு டிகிரி போனால் என்ன?

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரையும்போது கோணம் ஒரு டிகிரி கூடக்குறைய இருந்தால் குடியா முழுகிவிடும்? கண்ணளவு போதாதா?

ஐந்து இதழ்ப் பூ ஒன்று வரைந்து பாருங்கள். இதழுக்கு இதழ் 72 டிகிரி திருப்ப வேண்டும். கண்ணளவில் 71 என்று நான்கு முறை திருப்பினால், கடைசி இதழுக்கும் முதல் இதழுக்கும் நடுவே 76 டிகிரி வாய் பிளந்து நிற்கும். ஒற்றைக் கோட்டில் கண்ணுக்குத் தப்பிய பிழை, கோடுகள் கூடும் இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திருப்பினால் சரியாகிவிடாதா என்பீர்கள். மாற்றி அமைக்காதவரை அது 15 டிகிரிக்கு ஒருமுறைதான் நிற்கும். 60-ஐ விட்டால் 75, நடுவில் 72-க்கு இடமே இல்லை. டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் 72 என்று எண்ணையே தட்டுவதுதான் வழி. சாய்கோடும் அப்படியே: 30 டிகிரிக்கு, 100 மி.மீ. கிடையாகப் போனால் 57.735 மி.மீ. ஏற வேண்டும். 58 போதுமென்று விட்டால் பிழை 0.11 டிகிரிதான், ஆனால் ஒரு மீட்டர் நீளக் கோட்டின் முனை 2 மி.மீ. விலகிவிடும். இன்னொன்று: இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகிறது. அதனால் அங்கே கூட்டல் 72 கடிகாரச் சுற்றில் திரும்பும்; பள்ளிக் கணக்கில் அது எதிர்ச்சுற்று.