அமைச்சர்கள் ஊரில் இல்லாத வாரம்

2001 மார்ச்சில் நாங்கள் டப்ளினில் வந்து இறங்கியபோது ஊரெல்லாம் வாசல்களில் கிருமிநாசினி ஊற்றிய மிதியடிகள் கிடந்தன. பக்கத்துப் பிரிட்டனில் கோமாரி நோய். மாட்டையும் ஆட்டையும் நம்பிப் பிழைக்கும் நாடு என்பதால் அயர்லாந்துக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வங்கியோ மருத்துவமனையோ, ஷூவை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மார்ச் 17 புனித பாட்ரிக் தினம், ஊரே பச்சையாகும் என்று சொல்லித்தான் என் மனைவியை நர்ஸ் வேலைக்கு அழைத்திருந்தார்கள். ஆனால் ஊர்வலத்தை மே மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஊர்வலம் ஒழுங்காக நடந்தது. மழையில் நனைந்துகொண்டு ஓரமாக நின்று பார்த்தேன். வாத்தியங்கள், பொய்க்கால் ஆட்டக்காரர்கள், முகத்தில் பச்சை பூசிய குழந்தைகள் எல்லாம் உண்டு. அமைச்சர்களைத்தான் காணோம். நான் தமிழ்நாட்டுக்காரன். குடியரசு தினத்தன்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்காத அமைச்சரைக் கண்டதில்லை. தேசியத் திருநாளில் அரசாங்கம் எங்கே போனது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன்.

“வெளிநாட்டுக்கு. திருநாள் கொண்டாடத்தான்” என்றார், மழை பெய்கிறது என்பது போல.

அப்புறம்தான் ஏற்பாடு புரிந்தது. பிப்ரவரியிலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். பிரதமருக்கு வாஷிங்டன். மற்ற அமைச்சர்களுக்கும் இணை அமைச்சர்களுக்கும் ஆளுக்கொரு நகரம்: நியூயார்க், பாஸ்டன், சிட்னி, டோக்கியோ, டெல்லி. நாடாளுமன்றத்துக்கு அந்த வாரம் விடுமுறை. போன இடத்தில் ஒரு ஊர்வலம், தூதரகத்தில் ஒரு விருந்து, முதலீட்டாளர்களோடு காலைச் சிற்றுண்டி, கூடவே ஒரு பூசை. திரும்பியதும் பத்திரிகையாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவார்கள். கோடையில் பில் வெளியே வரும். வானொலியில் இரண்டு நாள் திட்டுவார்கள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி பட்டியல்.

இதற்கெல்லாம் மூலக் கதை மிக எளிமையானது. 1952-ல் வாஷிங்டனில் அயர்லாந்துத் தூதராக இருந்தவர் ஜான் ஹெர்ன். அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பை வரைந்தவர்களில் முக்கியமானவர். அவர் ஒரு சின்னப் பெட்டியில் ஷாம்ராக் இலைகளை வைத்து அதிபர் ட்ரூமனுக்கு அனுப்பிவைத்தார். பார்க்க நம்மூர்ப் புளியாரை மாதிரி இருக்கும் மூவிலைச் செடி அது. ட்ரூமன் அன்று ஊரில்கூட இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1956-ல், பிரதமர் காஸ்டெல்லோ தானே போய் ஐசன்ஹோவரிடம் கொடுத்தார். பெட்டி பிற்பாடு பளிங்குக் கண்ணாடிக் கிண்ணமாயிற்று. அந்த இலைகளின் கதி தெரியுமா? விழா முடிந்ததும் பாதுகாப்பு விதிப்படி அழித்துவிடுவார்களாம். கிண்ணம் மட்டும் அரசுக் காப்பகத்துக்குப் போகும்.

பக்கத்து வீட்டு அம்மாவும் ஆண்டுதோறும் ஷாம்ராக் அனுப்புவார். ஈரமான டிஷ்யூ தாளில் ஒரு கொத்தைச் சுற்றி, ஒரு வாழ்த்து அட்டைக்குள் வைத்து, மார்ச் முதல் வாரமே பாஸ்டனுக்குத் தபாலில் போட்டுவிடுவார். போய்ச் சேரும்போது வாடித்தான் இருக்கும். அங்கே இருக்கும் அவர் மகன் அதை அழிப்பதில்லை, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பான்.

அந்த மகன் போனது மாரிசன் விசாவில். 1990-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தில் ஐரிஷ்காரர்களுக்கென்று மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்குப் பதினாறாயிரம் விசாவைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். வேலை இல்லாமல் ஒரு தலைமுறையே கள்ளத்தனமாக பாஸ்டனில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். டப்ளினிலிருந்து போனவர்களும் அங்கேயே இருந்த ஐரிஷ் அமெரிக்கர்களும் சேர்ந்து கதவு கதவாகத் தட்டியதன் பலன் அது. அதனால் பக்கத்து வீட்டு அம்மா அமைச்சர்களை எவ்வளவு திட்டினாலும் வாஷிங்டன் பயணத்தை மட்டும் தொட மாட்டார். “அவன் போய்வரட்டும், மற்றவன்களைப் பிடித்து உள்ளே போடு” என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1994 தொடக்கத்தில் ஷின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸுக்கு அமெரிக்க விசா கிடைத்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் வட அயர்லாந்தில் சண்டையிட்ட ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்ததும், 1998-ல் புனித வெள்ளி அமைதி உடன்படிக்கை வந்ததும், அதிபரின் அறைக்குள் போய்ப் பேச அயர்லாந்துக்கு ஒரு கதவு திறந்திருந்ததோடு சம்பந்தப்பட்டவை. ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டின் தலைவருக்கு ஆண்டுதோறும், நாள் குறித்து, அமெரிக்க அதிபர் நேரம் ஒதுக்குகிறார். 1983-லிருந்து அமெரிக்க நாடாளுமன்ற சபாநாயகர் மதிய விருந்தும் வைக்கிறார். பெரிய நாடுகளின் தூதர்களே பொறாமைப்படும் ஏற்பாடு இது. விமான டிக்கெட்டையும் ஓட்டல் பில்லையும் இதோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு.

மற்ற ஊர்களைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. என் மனைவி படித்தது சென்னையில், பிரசன்டேஷன் கன்னியர்கள் நடத்தும் பள்ளியில். அந்தச் சபையின் ஐரிஷ் கன்னியர்கள் 1842-ல் மதராஸுக்குக் கப்பலில் வந்தார்கள். வரும்போது அவர்களிடம் திரும்பிப் போகும் டிக்கெட் இல்லை, படிக்காசு இல்லை, சந்திக்க வேண்டிய முதலீட்டாளர் பட்டியலும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அயர்லாந்து என்ற பெயர் புழங்கியது அவர்களால்தான். ஒரு நாள் வந்து கேக் வெட்டிவிட்டுப் போகும் இணை அமைச்சர் இதற்குமேல் என்ன செய்துவிடுவார் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

2009 மார்ச்சை மட்டும் மறக்க முடியாது. வங்கிகள் கவிழ்ந்து, அரசு ஊழியர் எல்லோருக்கும் ‘ஓய்வூதியப் பிடித்தம்’ என்று ஒரு புது வெட்டு அந்த மாதம்தான் அமலுக்கு வந்தது. மனைவி சம்பளச் சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, இந்தக் கோடு போன மாசம் இல்லையே?” என்றாள். அந்தக் கோடு இரவுப் பணிப் படியை முழுசாக விழுங்கியிருந்தது. நான் பதில் சொல்லாமல் தொலைக்காட்சியைப் போட்டேன். வெள்ளை மாளிகை நீரூற்றில் பச்சைத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. சிகாகோ ஆற்றுக்குப் பச்சை பூசும் ஊர்க்காரியான மிஷல் ஒபாமாவுக்குத் தோன்றிய யோசனையாம்.

அன்று மாலை அந்த வெள்ளை மாளிகையில் பிரதமர் பிரையன் கவன் பேச எழுந்தார். எதிரே திரையில் ஓடிய வரிகளைப் படிக்கத் தொடங்கினார். கொஞ்சம் படித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, அது ஒபாமா சற்றுமுன் பேசி முடித்த உரை. சிரித்துச் சமாளித்தார். அறையிலும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஐரிஷ் பளிங்குக் கண்ணாடி என்றால் உலகத்துக்கு வாட்டர்ஃபோர்டுதான். அந்த வாட்டர்ஃபோர்டு நிறுவனம் அந்த ஜனவரியில் திவாலாகி, தொழிலாளர்கள் ஆலை வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். வாஷிங்டனில் கிண்ணம் கைமாறிய அன்றும் அங்கேதான் இருந்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் நாடே 67.5 பில்லியன் யூரோ வெளிக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டது. அந்தக் காலத்தில் அமைச்சர்கள் எந்த வகுப்பில் பறக்கிறார்கள் என்பது எங்கள் மருத்துவமனை கேன்டீனில் நாள்முழுக்கப் பேசும் விஷயம்.

அப்புறம் உலகம் நாகரிகமாக மாறியது. 2017-ல் பிரதமர் எண்டா கென்னி, ட்ரம்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, புனித பாட்ரிக் குடியேறிகளின் காவலர் என்று சொல்லிவிட்டு வந்தார். பாட்ரிக்கே பிரிட்டனிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவர்தானே. குடியேறிகளான எங்களுக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் லியோ வராத்கர் பிரதமரானார். அவர் அப்பா மும்பை டாக்டர். டப்ளினில் இருந்த இந்தியர்கள் எல்லோரும் திடீரென்று அவருக்கு உறவுக்காரர்கள் ஆனார்கள், தமிழர்கள் உட்பட.

அந்த வராத்கர் 2020 மார்ச் 12 அன்று வாஷிங்டனில், அரசு விருந்தினர் மாளிகையான பிளேர் ஹவுஸ் வாசலில் நின்றுகொண்டு, அன்று மாலை 6 மணி முதல் அயர்லாந்தில் எல்லாப் பள்ளிகளும் மூடப்படும் என்று அறிவித்தார். கொரோனா. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். இங்கே பையன் வகுப்பில் இருந்தான், மனைவி வார்டில். என் நாட்டில் பள்ளி மூடும் செய்தியை எதற்காக ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சொல்கிறார்கள் என்று அன்று யோசிக்க நேரமில்லை. இப்போது யோசிக்கிறேன்.

மறு ஆண்டு கிண்ண விழா காணொளியில் நடந்தது. அதிபர் பைடன் வெள்ளை மாளிகையில், புதுப் பிரதமர் மீஹால் மார்ட்டின் டப்ளினில். ஒரு பைசா விமானச் செலவில்லை. படம் நன்றாகவே வந்திருந்தது. 2022-ல் மார்ட்டின் நேரிலேயே போனார். போன இடத்தில், விருந்துக்கு நடுவே, கொரோனா உறுதியானது. பிளேர் ஹவுஸில் தனிமைப்படுத்தினார்கள். மறுநாள் அங்கிருந்தபடியே காணொளியில் அதிபரைச் சந்தித்தார். பிளேர் ஹவுஸ் வெள்ளை மாளிகைக்கு எதிர்ச்சாரி. அட்லாண்டிக்கைத் தாண்டியவரால் தெருவைத் தாண்ட முடியவில்லை. வரி கட்டுகிறவர்கள் அதிகம் பேசாத பயணம் அது. பாவம் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

2024-ல், மறுபடி பிரதமராகியிருந்த வராத்கர் கிண்ணம் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை டப்ளினில் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார்.

முன்பெல்லாம் வாஷிங்டன் போனவர் என்ன வாங்கிக்கொண்டு வந்தார் என்று கேட்பார்கள். விசா வாங்கினாரா, தொழிற்சாலை வாங்கினாரா என்று. விசாவின் காலம் எப்போதோ போய்விட்டது. ஆஸ்திரேலியர்களுக்கான ஈ-3 விசாவில் மிஞ்சுவதை ஐரிஷ்காரர்களுக்குக் கொடுக்கும் மசோதாகூட 2018 கடைசியில் ஒரே ஒரு செனட்டரின் ஆட்சேபத்தில் நின்றுபோனது. 2025 மார்ச் 12 அன்று, மறுபடி பிரதமரான மார்ட்டின் ட்ரம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்க மருந்துக் கம்பெனிகளையெல்லாம் இந்தச் சின்னத் தீவு அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று ட்ரம்ப் குறைபட்டார். நடுவே துணை அதிபரின் ஷாம்ராக் போட்ட காலுறையைப் பாராட்டினார். மார்ட்டின் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் இங்கே எல்லாருக்கும் நிம்மதி: திட்டு வாங்காமல் வந்துவிட்டார், கெட்டிக்காரர். அந்தச் சந்திப்புக்கு ஐந்து நாள் கழித்து, சரியாக 17-ம் தேதி, வெள்ளை மாளிகை கலப்புத் தற்காப்புக்கலை வீரர் கானர் மெக்ரெகரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. ஏப்ரல் 2-ல் ஐரோப்பிய ஒன்றியப் பொருள்களுக்கு 20 சதவீத வரி அறிவிப்பு வந்தது. காசாவைக் காரணம் காட்டி அந்த ஆண்டு போக மறுத்த ஷின் ஃபெய்ன் தலைவருக்கும் போய் வந்த பிரதமருக்கும் வரி ஒன்றேதான்.

இருந்தாலும் வாஷிங்டனுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டின் கம்பெனி வரியில் பெரும்பங்கைக் கட்டுவது கைவிட்டு எண்ணக்கூடிய அமெரிக்கக் கம்பெனிகள். அங்கே கதவு சாத்தினால் என் மனைவியின் சம்பளச் சீட்டில் இன்னொரு கோடு விழும். திட்டு வாங்கவாவது ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா இப்போது இல்லை. நான் 2012-ல் டப்ளின் மாநாட்டு மையத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு எழுந்து நின்று குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். இப்போது நானும் இந்தப் பட்டியலுக்குப் பணம் கட்டுகிறவன், ஆகையால் அவரைவிட ஒரு படி கறாராகவே சொல்கிறேன். பிரதமர் வாஷிங்டனுக்குப் போகட்டும். நியூயார்க், பாஸ்டன், லண்டன் மூன்றுக்கும் ஆளுக்கொரு அமைச்சர் போகட்டும், நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மீதி ஊர்களில் தூதர் இருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார், கேக்கை அவர் வெட்டட்டும். போய்வந்தவர்கள் யாரைப் பார்த்தார்கள், என்ன செலவழித்தார்கள் என்பதை, யாரும் மனுப் போடாமலே, அந்த மார்ச் முடிவதற்குள் வெளியிட வேண்டும். அதுவரை பிப்ரவரிப் பட்டியல் வரும்போதெல்லாம் வானொலிக்கு போன் போட்டுத் திட்டுகிறவர்களில் நானும் ஒருவன்.