வெயிட்லிஸ்ட்வாசிகள் கேள்வி-பதில்

இந்த முறை தபால் மூட்டையில் பாதி, அமெரிக்கா, கனடா மருத்துவக் கல்லூரிகளின் வாசற்படியில் நிற்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பியது. ஆகவே இதழ் முழுக்க அவர்களுக்கே. சினிமா, அரசியல் கேள்விக்காரர்கள் அடுத்த இதழ் வரை வெயிட்லிஸ்டில்.

*

கே: மகளுக்கு ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வெயிட்லிஸ்ட் என்று மெயில் வந்திருக்கிறது. இதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வதா, 'இல்லை' என்றா?
– ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

ப: 'ஆமாம், ஆனால் நாற்காலி இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ரயிலிலாவது டபிள்யூ.எல். 37 என்று ஓர் எண் இருக்கும், சார்ட் போடுகிற நேரம் தெரியும். இங்கே பெரும்பாலும் எண்ணே சொல்ல மாட்டார்கள். சில கல்லூரிகள் பட்டியலை வரிசைப்படுத்தி வைக்கின்றன. சில, மேல், நடு, கீழ் என்று பிரித்து வைக்கின்றன. இன்னும் சில வரிசையே போடுவதில்லை. யார் விலகினார்கள், அந்த இடத்தில் யாரைச் சேர்த்தால் வகுப்பு நிறைவாக இருக்கும் என்று பார்த்து எடுக்கின்றன.

காலண்டரில் இரண்டு தேதிகளை வட்டமிடுங்கள். மார்ச் 15க்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் உள்ள இடங்களின் அளவுக்காவது அழைப்புகளை அனுப்பிவிட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் நெறிமுறை. ஏப்ரல் 30க்குள், நாலு இடத்தைக் கையில் வைத்திருக்கும் புண்ணியவான் மூன்றை விட்டுவிட வேண்டும். கல்லூரிகள் கொஞ்சம் கூடுதலாகவே அழைத்திருக்கும் என்பதால் மூன்றும் காலியாகிவிடாது. ஆனாலும் ஓர் இடம் காலியானால் வெயிட்லிஸ்டிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அவர் விட்டுவரும் இடத்துக்கு இன்னொரு கல்லூரி இன்னொருவரை எடுக்கும். மே மாதம் முழுக்க நாற்காலி நகரும் சத்தம்தான். வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூட நகர்வதுண்டு. வேறொரு கல்லூரியில் இடம் இருந்தால் அதை வைத்துக்கொண்டே இங்கேயும் காத்திருக்கலாம். 'இங்கேதான் சேரப்போகிறேன்' என்று இறுதியாக உறுதி கொடுக்கும் வரை தடையில்லை. ஏப்ரலிலேயே அழுது தீர்த்துவிடாதீர்கள், அம்மா.

*

கே: மகனின் நிலவரம் தெரிந்துகொள்ள அட்மிஷன் ஆபீசுக்கு தினமும் போன் செய்யலாமா?
– ஒரு தந்தை, ஃப்ரிமான்ட், கலிஃபோர்னியா

ப: தினமும் போன் செய்யுங்கள், மகனுக்கு. ஆபீசுக்கு மகன் பேசட்டும். அதுவும் எப்போதாவது.

*

கே: 'நீங்கள்தான் என் முதல் தேர்வு, அழைத்தால் கட்டாயம் வருவேன்' என்று, என்னை வெயிட்லிஸ்டில் வைத்திருக்கும் மூன்று கல்லூரிகளுக்கும் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?
– ஒரு மாணவர், அட்லாண்டா

ப: மருத்துவ அறம் கட்டாயப் பாடமாக இருக்கும் படிப்புக்கு இப்படியா தம்பி விண்ணப்பிப்பது?

அந்த வாக்குறுதி கோர்ட்டுக்குப் போகாது, உண்மைதான். ஆனால் அட்மிஷன் அதிகாரிகளின் உலகம் நீ நினைப்பதைவிடச் சின்னது. 'வருவேன்' என்ற கடிதம் ஒரே ஒரு கல்லூரிக்கு. மற்ற இரண்டுக்கும் 'இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், புதிதாக இவை நடந்திருக்கின்றன' என்று எழுதினால் போதும். அதற்கும் முன்னால் அந்தக் கல்லூரி கடிதம் வாங்குகிறதா என்று பார். 'எதுவும் அனுப்ப வேண்டாம்' என்று வெளிப்படையாகச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. அங்கே அனுப்பினால், சொன்னதைப் படிக்காத ஆள் என்பது மட்டும் பதிவாகும்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புது மதிப்பெண், புது வேலை, வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டிய குடும்பக் காரணம் இவற்றுக்கெல்லாம் எடை உண்டு. சின்ன வயதில் ஸ்டெதஸ்கோப் பொம்மை வைத்து விளையாடியதற்குக் கிடையாது.

*

கே: இருபது கல்லூரிகளுக்குப் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூனில் மறுபடியும் போட்டுவிடலாமா?
– ஒரு மாணவி, டாலஸ்

ப: முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் 23,000 பேர். பாதிக்கு மேற்பட்டோர் உங்களோடுதான் நிற்கிறார்கள். விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர்கள். வெட்கப்பட நேரம் ஒதுக்க வேண்டாம்.

அடுத்து, நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து எழுதாதீர்கள். இருபது கல்லூரியில் ஒன்றுகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை என்றால் கோளாறு காகிதத்தில்: மதிப்பெண், கட்டுரை, கல்லூரிப் பட்டியல் அல்லது தேதி. நாலைந்து இடங்களில் அழைத்துப் பேசிவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் காகிதம் சரி, வாய் சரியில்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நேர்காணலில் கோட்டை விட்டவர்கள் திரும்ப எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதப் போவதைப் பார்க்கும்போது, கால் சுளுக்குக்குக் கண்ணாடி போடுகிறார்களே என்று பரிதாபமாக இருக்கிறது.

எம்கேட்டையும் நினைத்த போதெல்லாம் எழுத முடியாது. ஓர் ஆண்டில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு, வாழ்நாளில் ஏழு. எல்லா மதிப்பெண்களும் கல்லூரிகளின் கண்ணில் படும். 505 வாங்கியவர், பயிற்சித் தேர்வுகளில் தொடர்ந்து 512 வாங்கத் தொடங்கிய பிறகு போய் உட்கார்ந்தால் அர்த்தம் உண்டு. 'இந்த முறை நல்லா வரும்னு தோணுது' என்பதற்கு அர்த்தமில்லை.

தேதியை ரொம்பப் பேர் அலட்சியம் செய்கிறார்கள். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் படித்து, அழைத்து, இடத்தையும் கொடுத்துக்கொண்டே போகின்றன. ஜூனில் அனுப்புவதையும் கடைசித் தேதியன்று அனுப்புவதையும் ஒரே அனுப்புதல் என்று நினைக்காதீர்கள். ஆனால் அரைகுறையாக ஜூனில் அனுப்புவதைவிட ஓராண்டு நிறுத்தி, மருத்துவமனையில் டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலையோ ஆம்புலன்ஸ் வேலையோ பார்த்துவிட்டு முழுசாக அனுப்புவது மேல். போன முறை எழுதிய கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். பழைய விண்ணப்பத்தை எடுத்து வைத்து ஒப்பிடும் கல்லூரிகள் உண்டு.

நீங்கள் டெக்சாஸ்வாசி என்பது ஒரு வரம். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளி மாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் கொடுக்கக் கூடாது. அந்த வரத்தைப் பயன்படுத்தாமல் பேர் பெற்ற தனியார் கல்லூரிகளுக்கு மட்டும் இருபது விண்ணப்பம் போட்டிருந்தீர்கள் என்றால், கோளாறு எது என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம்.

*

கே: கல்யாண வீடுகளில் 'எங்கே சீட் கிடைச்சது?' என்று கேட்டுக் கொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், சிகாகோ

ப: 'பந்தியில் மூணாவது வரிசை, மாமா' என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.

*

கே: வெயிட்லிஸ்டில் இருந்து கடைசி நேரத்தில் உள்ளே போகிறவர், வகுப்பிலும் கடைசியாகத்தானே இருப்பார்?
– ஒரு மாணவர், பிட்ஸ்பர்க்

ப: இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், வேண்டுமென்றே அல்ல, தற்செயலாக. 1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சுமார் 800 பேரை நேர்காணல் செய்து, வரிசைப்படுத்தி, 150 பேரைத் தேர்ந்தெடுத்தது. எல்லாம் முடிந்தபின் மாநில சட்டமன்றம், இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது பட்டியலின் வால், 700க்குக் கீழே நின்றவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு எந்தக் கல்லூரியும் கதவு திறக்கவில்லை. சரி, வாருங்கள் என்றார்கள்.

யார் முதலில் வந்தவர், யார் வாலில் வந்தவர் என்று பிரித்து, படிப்பு முடிந்து முதலாண்டு பயிற்சி வரைக்கும் கவனித்து, 1987இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பாடத்தில், வார்டில், பாதியில் விட்டுப் போனதில், பயிற்சி மருத்துவராக வேலை பார்த்ததில், எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இவர்களைக் கீழே தள்ளியதில் மதிப்பெண்ணுக்குப் பங்கு குறைவு. நேர்காணல் செய்தவர்களின் அபிப்பிராயத்துக்குத்தான் பெரும்பங்கு. அந்த அறையில் கண்டுபிடித்த வித்தியாசம் நோயாளியின் கட்டிலருகே காணாமல் போய்விட்டது.

என் கட்சியும் இதுதான். ஒரு தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தகுதி தீர்மானிப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. கோடு வரைக்கும் உழைப்பு. அப்புறம் பாதி, யார் உன்னை நேர்காணல் செய்தார், அவர் மதியம் சாப்பிட்டாரா என்பதுதான்.

*

கே: பேத்திக்கு டொராண்டோவில் இன்டர்வியூ. ராகுகாலத்தில் வருகிறது. தேதியை மாற்றச் சொல்லலாமா?
– ஒரு பாட்டி, மிசிசாகா

ப: ராகுகாலத்தை விடுங்கள் பாட்டி, மழை வருமா என்று பாருங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2004 முதல் 2009 வரை மருத்துவ நேர்காணலுக்கு வந்த கிட்டத்தட்ட 3,000 பேரின் மதிப்பெண்களை வானிலைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மழை நாளில் வந்தவர்களுக்குச் சராசரியாக ஒரு சதவீதம் குறைவு. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். கோட்டின் மேல் நிற்பவருக்கு அது போதும். இப்போது பல நேர்காணல்கள் வீடியோவில் நடக்கின்றன. ஒருவர் வான்கூவரில், ஒருவர் டொராண்டோவில் என்றால் ராகுகாலம் எந்த ஊர்க் கணக்கு என்று பஞ்சாங்கக்காரரிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

*

கே: குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுக்கினமாம். எங்கட பிள்ளை ராப்பகலாப் படிச்சது இதுக்கோ?
– ஒரு தகப்பன், ஸ்கார்பரோ

ப: குலுக்கல் உண்மை. ஆனால் அரைக் கதைதான் காதுக்கு வந்திருக்கிறது. மதிப்பெண், எம்கேட், காஸ்பர் என்ற சூழ்நிலைத் தேர்வு ஆகியவற்றில் குறிப்பிட்ட அளவைத் தொட்டவர்களின் பெயர் மட்டும்தான் குலுக்கலுக்குப் போகும். பெயர் விழுந்தவர் நேர்காணலுக்குப் போவார். இடம் அதற்குப் பிறகுதான். 2024இல் அறிவித்தார்கள். நெதர்லாந்தில் 1970களிலேயே மருத்துவ இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டது.

நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது ஐயா. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் என்று முதலில் சலித்தார்கள். தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குடத்துக்குள் போவதற்குத்தான் தகுதி. குயீன்ஸ்காரர்கள் ஆயிரம் ஆண்டு தாமதம்.

*

கே: எம்.எம்.ஐ. என்றால் என்ன? மகன் நூறு கேள்விக்குப் பதில் மனப்பாடம் செய்துவிட்டான். போதுமா?
– ஒரு தாய், பிராம்டன்

ப: அதிகம்.

ஒரே அறையில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கும் நேர்காணலில் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் போச்சு. அதனால் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் அதை உடைத்துப் பத்துச் சிறு அறைகளாக்கினார்கள். அதுதான் எம்.எம்.ஐ., அதாவது மல்டிபிள் மினி இன்டர்வியூ. 2004இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்கள். கதவில் ஒரு சூழ்நிலை ஒட்டியிருக்கும். இரண்டு நிமிடம் படிக்க வேண்டும், உள்ளே போய் எட்டு நிமிடம் அளவில் பேச வேண்டும், மணி அடித்தால் அடுத்த கதவு. ஓர் அறையில் சொதப்பினால் அடுத்த அறைக்காரருக்கு அது தெரியாது. மனப்பாடம் செய்தவன் முதல் அறையிலேயே மாட்டுவான், ஏனென்றால் மடக்கி மடக்கிக் கேட்பார்கள்.

வழக்கமாக வரும் ஒரு சூழ்நிலை: வயதான நோயாளிக்குப் புற்றுநோய், 'அவரிடம் சொல்லாதீர்கள்' என்று குடும்பம் கெஞ்சுகிறது, நீ என்ன செய்வாய்? நம் பிள்ளைகள் இதற்கு 'நோயாளியின் தன்னாட்சி' என்று புத்தக வாக்கியம் ஒன்றைக் கக்கிவிட்டு முழிக்கிறார்கள். சொந்த அப்பத்தாவிடம் வீடே சேர்ந்து மறைத்ததைப் பார்த்த பிள்ளைதான் இது! ஏன் மறைத்தார்கள், அப்பத்தாவுக்குத் தெரிந்தே இருந்ததா, தெரிந்துகொள்ள அவர் விரும்பினாரா என்று யாராவது கேட்டார்களா, அதைப் பேசட்டும். பத்து வயதில் தாத்தாவோடு கிளினிக்குக்குப் போய் டாக்டருக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! மூலநோயைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று கூசியதும், அந்த வேலையைச் செய்யக் குழந்தை அல்ல, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று பிற்பாடு உறைத்ததும் எட்டு நிமிடத்துக்குத் தாராளம். இதையெல்லாம் ஒளித்துவிட்டு, கடையில் வாங்கிய பதிலை ஒப்பிக்கிறார்கள்.

பயிற்சிக்கு, முன்பின் தெரியாத ஒருவரை எதிரே உட்காரவைத்து டைமர் வையுங்கள். நீங்கள் உட்கார வேண்டாம் அம்மா. நீங்கள் மார்க் போட்டால் பையன் தேற மாட்டான், அல்லது நூற்றுக்கு நூறு.

*

கே: 'ஏன் டாக்டராக விரும்புகிறாய்?' என்று கேட்டால், 'சேவை செய்ய' என்று சொல்லலாமா?
– ஒரு மாணவி, சியாட்டில்

ப: தபால்காரரும் சேவைதான் செய்கிறார். நர்ஸாகவோ, சமூகப் பணியாளராகவோ அல்லாமல் ஏன் டாக்டர் என்பதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

*

கே: கரீபியன் தீவில் உடனே சீட் தருகிறார்களாம். மகனோ டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படிக்கிறேன் என்கிறான். டி.ஓ. என்றால் முழு டாக்டர் இல்லை என்கிறார் என் மைத்துனர்.
– ஒரு தந்தை, டெட்ராய்ட்

ப: மைத்துனருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது பார்க்க வருபவர் டி.ஓ.வாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அமெரிக்காவில் எம்.டி.க்கு என்னென்ன உரிமமோ அத்தனையும் டி.ஓ.வுக்கும் உண்டு. படித்து முடித்தபின் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைத்தால்தான் தொழில். 2024இல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் சுமார் 93 சதவீதம், டி.ஓ. மாணவர்களில் 92 சதவீதம் பேருக்கு அது கிடைத்தது. கரீபியன் உட்பட வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதம். பாதியிலேயே கழன்றுகொண்டவர்கள் அந்த 67இன் கணக்கில் வரவே மாட்டார்கள். 'உடனே சீட்' என்று ஒருவர் சொன்னால், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மகன் சொல்வதைக் கேளுங்கள். மைத்துனருக்குக் காபி கொடுங்கள்.

*

கே: மூன்று முறை போட்டாயிற்று. வயது 27. நிறுத்திவிடலாமா?
– ஒருவர், பாஸ்டன்

ப: வயதை விடுங்கள். மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டாவது இடைவெளி விட்டு வந்தவர்கள்தான். மூன்று முறையும் நேர்காணல், வெயிட்லிஸ்ட் என்று வந்திருந்தால் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். நான்காவது முறை போடுங்கள். மூன்று முறையும் ஓர் அழைப்புகூட இல்லை, நான்காவது விண்ணப்பத்தில் புதிதாக எதுவும் இல்லை என்றால், பணத்தை வங்கியில் போடுங்கள்.

நோயாளியோடு உட்கார்ந்திருக்கும் வேலை பிடித்திருக்கிறதென்றால், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு இரண்டு முதல் மூன்று ஆண்டு. நர்ஸ் பிராக்டிஷனர் இருக்கிறது. வீட்டில் 'டாக்டர் மாதிரி' என்று அறிமுகப்படுத்துவார்கள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

*

கே: ஜூலையில் திடீரென்று அழைப்பு வந்தால் யோசிக்க எவ்வளவு நேரம் தருவார்கள்?
– வெயிட்லிஸ்ட்வாசி, சான் ஹோசே

ப: சில நேரம் ஒரு நாள், இரண்டு நாள். ஆகவே யோசனையை இப்போதே முடித்துவிடுங்கள்: அந்த ஊருக்குப் போவீர்களா, கடன் எவ்வளவு, இங்கே கட்டிய வாடகை முன்பணம் போனால் போகட்டுமா. கல்விக்கடன் விண்ணப்பம் தயாராக இருக்கட்டும். வாய்ஸ்மெயில் பெட்டி நிறைந்து வழிகிறதா பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் தினமும் திறங்கள். தெரியாத நம்பர் என்று எதையும் கட் பண்ணாதீர்கள். ஆகஸ்ட் வரைக்கும் கார் வாரண்டி விற்பவர்களோடு அன்பாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.