காகமும் தந்தைமையும்: ஆட்டையாம்பட்டி மொட்டை மாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

பறவைக்கும் மனிதனுக்கும் இடையிலான தந்தையுறவு பற்றி மேலைநாட்டார் எழுதியவற்றில் ஒரு கோளாறு உண்டு. எப்போதும் மனிதன்தான் அப்பா. ஆஸ்திரியாவின் கான்ராட் லோரென்ஸ், பொரிந்ததும் தன்னை முதலில் பார்த்த வாத்துக் குஞ்சுகள் தன் பின்னாலேயே நடந்த கதையை 1935இல் எழுதினார். 1973இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆட்டையாம்பட்டியில் இது செல்லாது. இங்கே பறவைதான் அப்பா. அமாவாசைப் படையலுக்கு வரும் காகத்தை யாரும் மகனே என்று கூப்பிட்டதில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சாம்பல் கழுத்து ஊர்க்காகம். அண்டங்காக்கை விலக்கப்பட்டது, அதன் குரல் எங்கள் பெரியப்பாவுடையது, முடிவுகள் கலங்கிவிடும். தூண்டுபொருள் கைமுறுக்கு. முறுக்குக்குப் பேர்போன இந்த ஊரில் வேறெதை வைப்பது? அமாவாசைச் சோற்றுக்கு வருவது கடமை, மற்ற நாளில் முறுக்குக்கு வருவது பாசம் என்பது என் கருதுகோள்.

காகம் முறுக்கைக் கவ்வி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஊறவைத்துத் தின்றது. காய்ந்த தீனியை நனைத்துத் தின்பது காகங்களின் பொது வழக்கம் என்பார்கள் பறவையியலார். பல் போன பிறகு என் அப்பாவும் முறுக்கை டீயில் முக்கித்தான் தின்றார். "ஏனுங்க, மாமா வந்திருக்காங்க" என்று என் மனைவி படியிலிருந்து குரல் கொடுத்ததைத் துணைச் சான்றாகக் கொள்க.

மகன் ஓர் ஆட்சேபம் எழுப்பினான்: "காக்காகிட்டப் பேசற அளவுக்கு எங்கிட்டப் பேசறதில்லீங்கப்பா." இது ஆய்வு வரம்புக்குள் வராது. எங்கள் குடும்பத்தில் அப்பாக்கள் உயிரோடிருக்கையில் பேசுவதில்லை. பிறகு வந்து கரைவார்கள்.

நினைவாற்றல் பற்றியும் சொல்லவேண்டும். 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகைமனித முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, பிறகு விடுவித்தார்கள். அந்த முகத்தைக் காகங்கள் ஆண்டுக்கணக்கில் மறக்காமல் திட்டித் தீர்த்தன. என் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை அப்பா கடைசிவரை மறக்காதது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

வைகாசியில் வேப்பமரத்தில் கூடு வந்தது. மாடிக்குப் போன என் உச்சந்தலையில் ஒரு கொத்து விழுந்தது. குஞ்சுள்ள காகம் அருகே வரும் ஆளைத் தாக்குவது இயல்பு; நான் அதைக் குட்டு என்றே பதிவு செய்தேன். இடமும் அதே இடம்.

சிக்கல் அதன்பின்தான். கூட்டைவிட்டு வந்து வாய்பிளந்த குஞ்சின் உடம்பெல்லாம் புள்ளி: பெண் குயில். ஊர்க்காகக் கூட்டில் குயில் முட்டையிடும், அந்த முட்டை முந்திப் பொரியும் என்பது தெரிந்த செய்தி. அப்பாவோ யாருடைய பிள்ளை என்று விசாரிக்காமல் ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒருநாளும் ஊட்டியதில்லை. முறைப்படி குயில் எனக்குத் தங்கை ஆகிறது. தமிழ்நாட்டில் 1989 முதல் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு. எங்கள் வீட்டு நான்கு தறியை எப்படிப் பிரிப்பது என்று யோசித்து வருகிறேன்.

ஒரே ஆறுதல், வளர்ந்த குயிலுக்குப் பழம்தான் பிரதான உணவு. எங்கள் வம்சத்தில் முறுக்கு வேண்டாம் என்கிற முதல் வாரிசு அதுவாகத்தான் இருக்கும். குர்குரே பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே மகன் இதையும் ஆட்சேபிக்கிறான்.