தெப்பக்குளத்துக்கு நீலம் எதற்கு?

கேள்வி: கொலுவில் தெப்பக்குளம் வைத்தேன். அடியில் நீலம் பூசி, மேலே ரெசின் ஊற்றினேன். வந்தவர்கள் எல்லாம், "நீச்சல் குளம் ஜோர்!" என்கிறார்கள். பேசாமல் நிஜத் தண்ணீரே ஊற்றியிருக்கலாமோ?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த நீலப் பெயின்ட் டப்பாவை ஒளித்து வையுங்கள்! ஊர்க் குளத்தை எட்டிப் பாருங்கள். படியோரம் மண் நிறம், உள்ளே போகப்போகப் பாசிப் பச்சை, நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பு. அடித்தரையில் இப்படி ஒன்றோடொன்று கரையும்படி பூசினால், 5 மில்லிமீட்டர் ரெசினே ஆளை முழுக வைக்கும் ஆழம் காட்டும்.

கரை மண்ணைச் சலித்துத் தூவி, நீர்த்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்து, அதை மண்மேல் சொட்டவிடுங்கள். அப்போதுதான் பசை முத்துமுத்தாக மேலே நிற்காமல் உள்ளே இறங்கும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இல்லையென்றால் மண்ணில் ஒளிந்த காற்று ரெசினுக்குள் ஏறி, குளம் கோலி சோடா ஆகிவிடும். ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் இறுகும்போது சூடேறி விரிசல் விடலாம். கையுறை, திறந்த சன்னல் இரண்டும் கட்டாயம்.

அலைக்கு, இறுகிய ரெசின்மேல் பளபளக்கும் அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் ஒற்றுங்கள். அடக்கமாக! 1:72 அளவில் 2 மில்லிமீட்டர் அலை, நிஜத்தில் 14 சென்டிமீட்டர்.

நிஜத் தண்ணீர் வேண்டாம். ஹாம்பர்க்கின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் சிற்றுருவக் கண்காட்சியில் சுமார் 30,000 லிட்டர் நிஜ நீரில் கப்பல் விடுகிறார்கள். அங்கே இடம் இருக்கிறது. தாம்பாள அளவுக் குளத்தில் பரப்பு இழுவிசை நீரின் விளிம்பைப் படிமேல் வளைத்துத் தூக்கி, குட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும்.