மூடிய சுரங்கத்தின் காதல் கொள்கை

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியிலிருந்து பெங்களூருக்குப் போய்ச் சம்பாதிக்கும் தனியாள்கள், சுதந்திரத்தையும் விடாமல் காதலுக்கும் ஏங்குவதைச் சிலர் முரண்பாடு என்கிறார்கள். அநியாயம். இந்த ஊர்ச் சுரங்கமே அப்படித்தான் இருக்கிறது. தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியதும், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கதவைச் சாத்தியது. அதற்காக அடியில் தங்கம் இல்லை என்று யாராவது சொன்னார்களா? தேர்தலுக்குத் தேர்தல் இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள். மனசையும் இதே கணக்கில் நடத்துவது விவேகம். காதலில் இறங்கினால் குளியலறை வரிசை, டிவி ரிமோட், மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்று உற்பத்திச் செலவு ஏறும். இறங்காமல் ஏங்கினால் செலவும் இல்லை, இருப்பும் குறையாது.

“வயசு போகுதே” என்பார்கள். இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முப்பத்தைந்து வயதில் என்ன அவசரம்? “துணை வேண்டாமா?” என்பார்கள். விடியற்காலை பெங்களூருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் கிடைக்கும் நெருக்கம் எந்தத் தம்பதிக்கு வாய்க்கும்? அதுவும் கேள்வி கேட்காத நெருக்கம். பெற்றோரைப் பற்றியும் கவலை வேண்டாம். கல்யாணம் எப்போது என்று கேட்டால் “பரிசீலனையில் இருக்கிறது” என்றால் போதும். சுரங்கம் தர வேண்டிய நிலுவைத் தொகைக்கு இருபது வருடத்துக்கு மேல் இதே பதிலைக் கேட்டுப் பழகியவர்கள். கோபப்பட மாட்டார்கள். ஒன்றே ஒன்று கேட்பார்கள்: “அதை எழுத்துல கொடுப்பியா?”