தனியாண் இலக்கணம்: வகையும் விரியும்

உயிர்களை அறிவின் அளவு பார்த்து ஆறாகப் பகுத்தார் தொல்காப்பியர். ஆண்களைக் கிரேக்க எழுத்தை வைத்துப் பகுக்கிறது இன்ஸ்டாகிராம்: ஆல்ஃபா, பீட்டா, சிக்மா. முன்னதற்கு இளம்பூரணர் முதலானோர் உரை உண்டு. பின்னதற்குப் பின்னணி இசை மட்டுமே உண்டு. அக்குறை நீக்க எழுந்தது இச்சிறுநூல்.

முதற்கண் ஆல்ஃபாவின் தோற்றம். ரூடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகச் சண்டையிடுகின்றன என்று 1947இல் எழுதினார். டேவிட் மெக் 1970இல் தம் நூலில் இக்கருத்தைப் பரப்பினார். பின்னர் காட்டில் பார்த்தால், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் குட்டிகளும். ஆல்ஃபா எனப்பட்டவர் அப்பா. மெக் 1999இல் ஆய்விதழில் எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடமும் கேட்டுக்கொண்டார். ஆகவே ஆல்ஃபா ஆக விரும்பும் தம்பி செய்யவேண்டியது, பிள்ளைகளுக்கு வேளாவேளைக்கு இரை கொண்டுவருவது.

அடுத்து முதலும் கருவும் உரியும். நிலம்: ஓஎம்ஆர் பிஜி அறை, திருப்பூரில் நால்வர் பங்குபோட்ட வாடகை வீடு, துபாய் லேபர் கேம்ப்பின் மேல்கட்டில். பொழுது: இரவு பதினொன்றுக்குப் பின். உணவு: ஆறிய பரோட்டா. தெய்வம்: இரவிலும் கூலிங் கிளாஸ் போட்டு மைக் முன் அமர்ந்தவர். உரிப்பொருள்: தள்ளுதலும் தள்ளுதல் நிமித்தமும். தள்ளப்படுவது செல்போன் திரை.

இனி வகை. முதலாவது முரட்டு சிங்கிள். தன்னைத் தானே கேலி செய்துகொள்வதால் இவனால் பெரும்பாலும் ஊருக்குத் தீங்கில்லை. நைன்டீஸ் கிட்ஸ் இதன் கிளை; பெண் கிடைக்கவில்லை என்பது அக்கிளையின் மாறாத புலம்பல். ஏன் கிடைக்கவில்லை எனின், பெண்களுக்குப் பேராசை பிடித்துவிட்டது, ஐடி மாப்பிள்ளைதான் வேண்டுமாம் என்று ரீல்ஸ் விடை கூறும். அஃது அன்று. இவன் பிறந்த காலத்தில் சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பக்கங்களில் பெண் சிசுவுக்கு நெல்மணியும் எருக்கம்பாலும் புகட்டிக் கொன்றவர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்கவேண்டி வந்தது. ஸ்கேன் வந்து அந்த வேலையைச் சுலபமாக்கியது. 1994இல் அதற்கும் சட்டம் போட்டார்கள். முப்பதைக் கடந்த மாப்பிள்ளைக்குத் தோதான வரன் அமையவில்லை என்கிறார் தரகர். தோதான ஒருத்தி பிறந்த வாரமே தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் சொல்வதில்லை. மிஞ்சியவர்களிலும் சாதி, கூட்டம், ராகு கேது, எத்தனை பவுன் என்று சலித்தெடுப்பது இவன் வீட்டார்தான். கோபம் மட்டும் பெண்கள் மேல் போகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிய ரீல்ஸ் சாமியாரை நூலாசிரியர் இதுவரை கண்டதில்லை.

இரண்டாவது சிக்மா. யாரும் கூப்பிடாததை ‘யாரும் எனக்குத் தேவையில்லை’ என்று மாற்றிச் சொல்பவன். இவன் வழிபடும் முகம் 2000இல் வந்த ‘அமெரிக்கன் சைக்கோ’ படத்தின் நாயகன். அப்படிப்பட்ட ஆண்களைக் கேலி செய்ய மேரி ஹாரன் என்ற பெண் இயக்கிய படம் அது. இவ்வகைக்கு இதற்குமேல் இடம் தர மனமில்லை.

மூன்றாவது சிவப்பு மாத்திரை. ‘மேட்ரிக்ஸ்’ படத்து மாத்திரையை விழுங்கி, பெண்களைப் பற்றிய உண்மை தெரிந்துவிட்டதாக நம்புகிறவன். இவ்வகையின் பெரிய ஆசான் ஆண்ட்ரூ டேட். 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் மூன்றும் அவரை நீக்கின. டிசம்பரில் ஆள்கடத்தல் புகாரில் ருமேனியாவில் கைதானார். குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். நமக்கு வேண்டியது அவருடைய வியாபாரம். மாதம் ஏறத்தாழ 50 டாலர் சந்தாவில் பணம் பண்ணும் வகுப்பு நடத்தினார். சேர்ந்த பையன்கள் அவர் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பிப் புது ஆள் பிடித்தால் கமிஷன் கிடைத்தது. நம்மூர் எம்எல்எம் ஆசாமிகள் பற்பசை, பவுடர் விற்ற வழியில் இங்கே ஆத்திரம் விற்கப்பட்டது. மாணவனுக்கு நாலு நல்ல சிநேகிதர்கள் அமைந்துவிட்டால் சந்தா நின்றுபோகும். ஆகவே பாடத்திட்டத்தில் சிநேகிதம் கிடையாது.

நான்காவது கறுப்பு மாத்திரை. தாடை எலும்பு சரியில்லை, உயரம் போதாது, இனி வாழ்வே இல்லை என்று முடிவு கட்டியவன். இங்கே நூலாசிரியரின் நக்கல் நின்றுபோகிறது. துணையற்றவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல, 1997இல் கனடாவில் ஒரு மாணவி தொடங்கிய இணையப் பக்கத்தில்தான் இந்தக் கூட்டத்தின் ‘இன்செல்’ என்ற பெயர் முளைத்தது. ஆண் பெண் இருவருக்கும் அங்கே இடம் இருந்தது. அந்தப் பெயரைப் பின்னால் வந்தவர்கள் வெறுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரலில் டொரொண்டோ நடைபாதையில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் வேனை ஏற்றி அன்றே பத்துப் பேரைக் கொன்றான். ஒருதலைக் காதலால் கொலை என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதும் இந்த நஞ்சுக்கு உறவுதான். இலக்கணத்தின் கைக்கிளைத் தலைவன் பதில் வராத பேச்சைத் தானே பேசித் தேற்றிக்கொண்டான். மடல் ஏறியவனுக்கும் பனங்கருக்கு அறுத்தது அவன் உடம்பைத்தான். கத்தி எடுத்தவனைக் காதலன் பட்டியலில் சேர்க்க எந்த நூலிலும் விதியில்லை.

ஐந்தாவது வகையை இணையம் எண்ணுவதே இல்லை: திருமணமான தனியன். பெண் கிடைத்தால் எல்லாம் தீரும் என்ற கொள்கை இவனிடம் வந்து உடைகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மணமானவர்கள். கடன், நோய், குடி, குடும்பச் சண்டை என்று காரணம் பல. இவனுக்கு இருபது வாட்ஸ்அப் குழு இருக்கும். ‘மச்சான், முடியலடா’ என்று சொல்ல ஒரு ஆள் இருக்காது. கேட்டால் வேலை எப்படிப் போகுது, வண்டி என்ன மைலேஜ் தருது என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த ஐந்தில் எதில் அடங்கினாலும் சரி, தம்பி, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரவு முழுக்க எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உன் சம்பளத்தையும் தாடை எலும்பையும் அங்கே யாரும் விசாரிப்பதில்லை.